பக்கவாதம்: வண்டியை எந்த மருத்துவமனைக்குத் திருப்புவது?

சாப்பிட்டுக்கொண்டிருப்பவரின் கையிலிருந்து சோறு நழுவுகிறது. வாய் ஒரு பக்கம் கோணுகிறது, பேச்சு குழறுகிறது. வண்டியும் வந்துவிடுகிறது. பக்கத்து ஊர் அரசு மருத்துவமனை பத்து நிமிடத் தூரம்தான். ஆனாலும், "பெரிய ஆஸ்பத்திரிக்கே போயிடலாம்" என்று ஒன்றரை மணி நேரத் தொலைவிலுள்ள நகரத்துக்குக் கிளம்பும் குடும்பங்கள் பல. பக்கத்து மருத்துவமனையில் சி.டி. ஸ்கேனும் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியும் இருந்தால், அந்த முடிவு பெரும்பாலும் தவறு.

பக்கவாதங்களில் சுமார் 85 சதவீதம் மூளையின் ரத்தக்குழாயைக் கட்டி அடைப்பதால் வருபவை. அடைப்புக்கு நேர் பின்னால் உள்ள திசு சில நிமிடங்களிலேயே செத்துவிடும். அதைச் சுற்றியுள்ள பகுதியோ, அக்கம்பக்கத்துக் குழாய்களிலிருந்து வரும் கொஞ்ச ரத்தத்தை வைத்து, வேலையை நிறுத்திவிட்டு உயிரை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும். அவசர சிகிச்சை முழுவதும் இந்தப் பகுதியைக் காப்பாற்றத்தான். பெரிய குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சராசரியாக 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன. ஒன்றரை மணி நேரப் பயணம் என்றால் 17 கோடி.

மருத்துவமனையில் கேட்கும் முதல் கேள்வி, "கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?" என்பது. காலை 6 மணிக்குக் கை வராமல் எழுந்தவர் இரவு 10 மணிக்கு நன்றாகப் பேசிவிட்டுப் படுத்திருந்தால், கணக்கு 10 மணியிலிருந்துதான். அடுத்து விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்ப்பார்கள். சர்க்கரை மிகவும் இறங்கினாலும் பக்கவாதம் போலவே தெரியும். பிறகு சி.டி. ஸ்கேன். குழாய் அடைத்திருக்கிறதா, வெடித்து ரத்தம் கசிந்திருக்கிறதா என்பதை ஆளைப் பார்த்துச் சொல்லவே முடியாது. முன்னதற்கு மருந்தாகும் ஊசி பின்னதில் உயிரை எடுத்துவிடும். கசிந்த ரத்தம் ஸ்கேனில் வெள்ளையாகத் தெரியும். அடைப்போ, முதல் சில மணி நேரத்தில் ஏறக்குறைய ஒன்றுமே காட்டாமல் போகலாம். "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லையாம்" என்று நிம்மதியாக வீட்டுக்குக் கிளம்புவது கொடுமையான தவறு. கை வராத நிலையில் ஸ்கேன் சுத்தமாக இருந்தால், ஊசி போட வழி இருக்கிறது என்றே பொருள்.

அந்த ஊசி ஆல்டிப்ளேஸ். 3 மணி நேரத்துக்குள் போட்டால் பலன் உண்டு என்று 1995-இல் அமெரிக்க ஆய்வு காட்டியது. 2008-இல் ஐரோப்பிய ஆய்வு அந்த வரம்பை நாலரை மணி நேரமாக்கியது. வரம்புக்குள் வந்துவிட்டால் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. முதல் ஒன்றரை மணி நேரத்தில் போட்டால் ஐந்து பேருக்கு ஒருவர் கூடுதலாக ஏறக்குறைய முழுமையாகத் தேறுகிறார். மூன்று மணி நேரத்தைத் தாண்டினால் பதினான்கு பேருக்கு ஒருவர்தான்.

அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.9 மி.கி.; அதிகபட்சம் 90. அறுபது கிலோ உள்ளவருக்கு மொத்தம் 54 மி.கி. அதில் 5.4 மி.கி. ஒரே நிமிடத்தில் ரத்தக்குழாயில் ஏறும், மீதி 48.6 ஒரு மணி நேரம் மெல்ல இறங்கும். குப்பியில் இருப்பது பொடி. நீர் விட்டதும் குலுக்கினால் நுரை கட்டும், அதனால் மெதுவாகச் சுழற்றித்தான் கரைக்க வேண்டும். எழுந்து நிற்க முடியாதவரின் எடையைக் குத்துமதிப்பாகச் சொன்னால் மருந்து கூடும், இல்லை குறையும். வீட்டாருக்குச் சரியான எடை தெரிந்திருந்தால் பெரிய உதவி. ரத்த அழுத்தம் 185/110-க்குக் கீழே வந்த பிறகே ஊசி. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அதை வாசலிலேயே சொல்லிவிட வேண்டும். கட்டியைக் கரைக்கும் இன்னொரு மருந்தான டெனெக்டிப்ளேஸை ஒரே தடவையில் செலுத்திவிடலாம். நோயாளியை அடுத்த ஊருக்கு அனுப்பும்போது அது பெரிய வசதி.

தொடை வழியாகக் குழாய் விட்டுக் கட்டியை இழுத்தெடுக்கும் சிகிச்சை பெரிய மையங்களில்தானே உண்டு, நேராக அங்கேயே போனால் என்ன? ஸ்பெயினின் கட்டலோனியாவில் 2017 முதல் 2020 வரை நகரம் சாராத பகுதிகளில் இதைத்தான் சோதித்தார்கள். பெரிய குழாய் அடைப்பு என்று சந்தேகப்பட்டவர்களில் ஒரு பிரிவினரைப் பக்கத்துப் பக்கவாத மையத்துக்கும், மற்றவர்களைத் தொலைவிலுள்ள பெரிய மையத்துக்கும் அனுப்பினார்கள். தொண்ணூறு நாள் கழித்து, அடைப்பு வந்தவர்கள் தேறியதில் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. பக்கத்து மையத்துக்குப் போனவர்களில் அதிகம் பேருக்கு ஊசி கிடைத்தது. தொலைவுக்குப் போனவர்களில் அதிகம் பேருக்குக் கட்டியை எடுத்தார்கள். ரத்தக்கசிவு வந்தவர்களுக்கோ நீண்ட பயணம் கெடுதலாகவே முடிந்தது: வழியில் சிக்கல்கள், பிறகு நிமோனியா.

பக்கத்து மருத்துவமனை சறுக்குவது பெரும்பாலும் வேறொரு இடத்தில்: மேல்சிகிச்சை தேவைப்படுபவரை அனுப்பத் தாமதிப்பதில். ஊசி ஏறிக்கொண்டிருக்கும்போதே ஆம்புலன்ஸ் வாசலில் நிற்க வேண்டும். பின்லாந்தின் ஹெல்சின்கியில் ஆம்புலன்ஸிலிருந்தே தகவல் வாங்கி, நோயாளியை நேராக ஸ்கேன் அறைக்குக் கொண்டுபோய், வாசலிலிருந்து ஊசிவரை ஆகும் நேரத்தைச் சராசரியாக 20 நிமிடத்துக்குக் குறைத்தார்கள். நரம்பியல் மருத்துவர் இல்லையே என்பதும் தடையல்ல. இமாச்சலப் பிரதேசத்தில் 2014 முதல் மாவட்ட மருத்துவமனை மருத்துவர்கள் ஸ்கேன் படத்தைக் கைபேசியில் நிபுணருக்கு அனுப்பி, ஆலோசனை பெற்று, தாங்களே ஊசி போடுகிறார்கள்.

சி.டி. இல்லாத கிளினிக்கில் இறங்கி ஒரு பாட்டில் டிரிப் ஏற்றுவது வெறும் நேர விரயம். 108-ஐக் கூப்பிட்டதும் ஸ்கேன் உள்ள இடம் எது என்று கேளுங்கள். வண்டி வருவதற்குள் ஆஸ்பிரினோ பிரஷர் மாத்திரையோ தண்ணீரோ கொடுக்காதீர்கள். பாதிக்கப்பட்ட தொண்டை விழுங்கத் தவறினால் அது நுரையீரலுக்குள் போய்விடும். மருத்துவமனையிலும், விழுங்க முடிகிறதா என்று சோதித்த பிறகே முதல் வாய்த் தண்ணீர்.