"அந்த ஏரியாவில் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டுவிட்டு வீடு வாங்குகிறவர்களுக்கு

இந்த மாதமும் அதே கேள்வி வந்தது. சிகாகோ புறநகரில் வீடு வாங்கப்போகும் நம்மூர்த் தம்பதி, ஒப்பந்தத்தைப் பார்த்துத் தரச் சொல்லி வந்தவர்கள், பேச்சோடு பேச்சாக, "அந்தப் பக்கம் கறுப்பர்கள் அதிகமா மேடம்? ஏஜென்டைக் கேட்டால் வாயே திறக்க மாட்டேன் என்கிறார்" என்றார்கள். அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் இன்னொருவர். தன் கான்டோவை வாடகைக்கு விடுபவர். சம்பளம், கிரெடிட் ஸ்கோர் எல்லாம் சரியாக இருந்த ஒரு கறுப்பினக் குடும்பத்தை "எதுக்கு மேடம் வம்பு" என்று தட்டிக்கழிக்க வழி கேட்டார். வீட்டுப் பத்திரம் பார்க்கும் வழக்கறிஞர் நான், இதை எத்தனையோ முறை கேட்டாயிற்று. கேட்பவர்கள் கெட்டவர்களும் இல்லை, பிள்ளைகளை நல்ல பள்ளியில் சேர்க்கக் கடன் வாங்கி வீடு தேடுகிறவர்கள், அதனால்தான் கோபத்தை அடக்கிக்கொண்டு எழுதுகிறேன்.

ஏஜென்ட் வாய் திறக்காதது சரி. இனத்தைச் சொல்லி ஒருவரை ஒரு ஏரியாவுக்கு இழுப்பதும் இன்னொரு ஏரியாவிலிருந்து விலக்குவதும், வீட்டு விஷயத்தில் பாகுபாட்டைத் தடுக்கும் 1968ன் ஃபேர் ஹவுசிங் சட்டத்துக்கு விரோதம்.

என் பொறுமையைச் சோதிப்பது அடுத்து வரும் பேச்சுதான். "நாங்க ரெண்டு பெட்டியோட வந்து வீடு வாங்கலையா? அவங்க தலைமுறை தலைமுறையா இங்கேயே இருந்தும் சேர்த்து வைக்கத் தெரியல. தங்க ஆளுங்களோட இருக்கத்தான் அவங்களுக்கும் பிடிக்குது." இல்லை. சத்தியமாக இல்லை. காசோடு வாங்க வந்தவர்களை வாங்க விடவில்லை, அதையும் பத்திரத்தில் எழுதிப் பதிவு செய்து வைத்தார்கள். இனம் பார்த்துத் தெருவைப் பிரிக்கும் நகரச் சட்டம் செல்லாது என்று 1917ல் லூயிவில் நகர வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கப்புறம் அந்த வேலையைப் பத்திரங்கள் எடுத்துக்கொண்டன. இந்த மனையைக் கறுப்பினத்தவருக்கு விற்கக் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது என்று அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து கையெழுத்துப் போட்டார்கள். அதற்கான மாதிரி வாசகத்தை 1927ல் தயாரித்துக் கொடுத்தது சிகாகோ ரியல் எஸ்டேட் போர்டு.

கார்ல் ஹான்ஸ்பெரி என்ற கறுப்பினத் தொழிலதிபர் 1937ல் சிகாகோவின் தென்பகுதியில் அப்படிப்பட்ட ஒரு தெருவில் வீடு வாங்கினார். கும்பல் கூடியது. உள்ளே வந்து விழுந்த செங்கல் அவருடைய சின்ன மகளை மயிரிழையில் தவறியது. 1940ல் உச்ச நீதிமன்றத்தில் அவர் ஜெயித்தார், ஆனால் பழைய வழக்கு ஒன்றின் தீர்ப்பு, அதில் தரப்பாக இல்லாத அவரைக் கட்டுப்படுத்தாது என்ற நடைமுறைக் காரணத்துக்காக மட்டும். இங்கே சட்டம் படிக்கிறவர்கள் இந்த வழக்கை முதல் வருடத்திலேயே படிக்கிறோம், நடைமுறைச் சட்டப் பாடத்தில். செங்கல் அந்தப் பாடத்தில் வருவதில்லை. இப்படிப்பட்ட ஷரத்துகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்ற தீர்ப்பு, செயின்ட் லூயிஸில் வீடு வாங்கிய ஷெல்லி குடும்பத்தின் வழக்கில், 1948ல்தான் வந்தது.

சரி, கடனாவது கிடைத்ததா? 1934ல் தொடங்கிய எஃப்.ஹெச்.ஏ. என்ற மத்திய அரசு நிறுவனம் வீட்டுக் கடன்களுக்கு அரசின் காப்பீடு கொடுத்தது, வெள்ளைத் தொழிலாளிகள் லட்சக்கணக்கில் வீட்டுக்காரர்கள் ஆனது அதனால்தான். அந்த நிறுவனத்தின் கையேடே இன ஷரத்துகளைப் பரிந்துரைத்தது, கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளை ஆபத்தானவை என்று ஒதுக்கியது. டெட்ராய்ட்டில் 1941ல் ஒரு பில்டர் கறுப்பினக் குடியிருப்புக்கும் தன் மனைகளுக்கும் நடுவில் ஆறடிச் சுவர் எழுப்பிய பிறகுதான் அந்தக் காப்பீடு கிடைத்தது. சுவர் இன்றும் நிற்கிறது.

வங்கி கைவிட்டவர்களுக்கு சிகாகோவில் மிஞ்சியது ஒப்பந்த விற்பனை. பத்திரம் பார்க்கும் யாருக்கும் வயிறு எரியும். "கறுப்பர்கள் வரப்போகிறார்கள்" என்று வெள்ளைக் குடும்பத்தைப் பயமுறுத்தி ஊக வியாபாரிகள் வீட்டை அடிமாட்டு விலைக்கு வாங்குவார்கள். அதைப் பல சமயம் இரண்டு மடங்கு விலை சொல்லிக் கறுப்பினக் குடும்பத்துக்குத் தவணையில் விற்பார்கள். கடைசித் தவணை கட்டும்வரை பத்திரம் விற்றவர் பெயரில்தான் இருக்கும், ஒரு தவணை தவறினால் வீடும் போச்சு, கட்டிய பணமும் போச்சு. நார்த் லான்டேலில் இப்படி மாட்டியவர்கள் 1968ல் சங்கம் சேர்ந்து தவணை கட்ட மறுத்துப் போராடினார்கள். சேர்த்து வைக்கத் தெரியாதவர்களா இவர்கள்?

சிவில் உரிமைப் போராட்டம் என்றால் தெற்கும் பேருந்தும்தான் நம் நினைவில் நிற்கிறது. 1964ன் சட்டம் தனியார் வீட்டு விற்பனையைத் தொடவே இல்லை. மார்ட்டின் லூதர் கிங் 1966ல் இதே நார்த் லான்டேலில் குடிவந்து வீட்டு உரிமைக்காக ஊர்வலம் போனார், மார்கெட் (Marquette) பார்க்கில் அவர் தலையில் கல் விழுந்தது. மிசிசிப்பியிலும் அலபாமாவிலும்கூட இப்படி வெறுப்பைப் பார்த்ததில்லை என்றார் அவர். வீட்டுப் பாகுபாட்டைத் தடுக்க அந்த வருடம் வந்த மசோதா செனட்டில் செத்தது. 1968 ஏப்ரல் 4 அன்று கிங் கொல்லப்பட்டார், பிரதிநிதிகள் சபை ஏப்ரல் 10ல் ஃபேர் ஹவுசிங் சட்டத்தை நிறைவேற்றியது, மறுநாள் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்டார்.

நமக்கு இதில் சம்பந்தம் இல்லை என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். 1923ல் பகத் சிங் தின்ட் வழக்கில், இந்தியர் வெள்ளையர் அல்ல, குடியுரிமைக்குத் தகுதி இல்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது. குடியுரிமைக்குத் தகுதி இல்லாதவர் அந்தக் காலத்தில் கலிபோர்னியாவில் விவசாய நிலம் வாங்க முடியாமல் இருந்தது. நீங்கள் இன்று நேப்பர்வில்லில் எந்தத் தெருவிலும் விலை பேச முடிகிறதென்றால், அந்தக் கல்லை வாங்கிக்கொண்டவர்கள் பெற்றுத் தந்த சட்டம் அது.

அதனால் ஏஜென்டிடம் வரி, வெள்ள அபாயம், வேலைக்குப் போக ஆகும் நேரம் கேளுங்கள், இனம் கேட்காதீர்கள். வாடகைக்கு விடுகிறவர்கள் வருமானம், கிரெடிட் என்று உங்கள் நிபந்தனைகளை முன்பே எழுதி வைத்து எல்லோருக்கும் ஒரே மாதிரி பாருங்கள். வாட்ஸப் குழுவில் "இந்தியக் குடும்பத்துக்கு மட்டும்" என்று போட்டிருப்பவர்கள் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். "நான் குடியிருக்கும் வீட்டின் மாடிதானே" என்ற சமாதானம் வேண்டாம், சின்ன வீட்டுக்காரர்களுக்கு உள்ள விலக்கு விளம்பரத்துக்குக் கிடையாது, இனம் பார்த்து மறுத்தால் 1866ன் சிவில் உரிமைச் சட்டத்தில் எந்த விலக்கும் கிடையாது. பழைய பத்திரத்தில் இன ஷரத்து வந்தால் பதற வேண்டாம், அது செல்லாது. நம் இல்லினாய் மாநிலத்தில் 2022 முதல் அதை நீக்கப் பதிவு செய்யலாம், செய்யுங்கள்.

உங்களையே ஒருவர் திசை திருப்பினால் சும்மா இருக்காதீர்கள். நியூயார்க்கின் லாங் ஐலண்டில் ஒரு செய்தித்தாள் ஆட்களை அனுப்பிச் சோதித்து 2019ல் வெளியிட்டதில், கறுப்பினத்தவரில் 49 சதவீதமும் ஆசியரில் 19 சதவீதமும் வேறுவிதமாக நடத்தப்பட்டிருந்தார்கள். தேதி, சொன்ன வார்த்தை, காட்டிய வீடுகள், காட்டாத வீடுகள் எல்லாவற்றையும் அன்றே எழுதி வையுங்கள். மத்திய வீட்டுவசதித் துறையிடம் புகார் கொடுக்க ஒரு வருடம்தான் அவகாசம், நீதிமன்றம் போக இரண்டு வருடம். மூன்றாவது வருடம் வந்து என்னிடம் கேட்டால் ஃபேர் ஹவுசிங் சட்டத்தின்கீழ் என்னால் ஒன்றும் செய்ய முடியாது.