14 பழைய சைக்கிள்களும் ஒரு மாரிகாலமும்

உவர்மலையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சென்ற புரட்டாதியில் என்னை வீட்டுக்கு அழைத்துப் பின்வளவுக் கொட்டிலைத் திறந்து காட்டினார். றலி, கம்பர், றட்ஜ், பி.எஸ்.ஏ., ஹேர்குலிஸ் என 14 சைக்கிள்கள், ஒன்றின் ஹாண்டில் மற்றொன்றின் சில்லுக் கம்பிகளுக்குள் சிக்கியபடி நின்றன. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். அவருக்கும் முழங்கால் முன்போல மடங்குவதில்லை. "எதை விடச் சொல்லுறீர், தம்பி?" என்று கேட்டார். 30 வருடங்களாகத் திருகோணமலையில் சைக்கிள் திருத்தி வரும் எனக்கு இது பழகிய கேள்வி. ஆனால் பெரும்பாலானோர் அதைக் கேட்க வரும்போது பாதி வண்டிகள் நின்ற இடத்திலேயே போய்விட்டிருக்கும்.

நம் ஊரில் ஓடாமல் நிற்கும் சைக்கிள் பாதுகாப்பாக இருக்கிறது என்று எண்ணுவது தவறு. கச்சான் வீசும் மாதங்களில் டயரும் தோல் ஆசனமும் காய்ந்து வெடிக்கின்றன. வாடைக் காற்றோடு மாரி வந்ததும் இரும்பின் முறை தொடங்குகிறது. கடற்காற்றில் வரும் உப்பு வண்டியில் படிந்து காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பதால், ஒரு துளி மழைகூடப் படாத கொட்டிலுக்குள்ளும் பிரேமின் மேல் மெல்லிய உப்புநீர்ப் படலம் உண்டாகிறது. குரோமியப் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உள்ளன. அவற்றின் வழியே அடியிலிருக்கும் இரும்பு புள்ளிபுள்ளியாக அரிக்கப்படுகிறது. இதைவிட மோசமானது உள்ளே நடப்பது. ஆசனத் தண்டின் வழியே இறங்கும் ஈரம், பெடல் அச்சு ஓடும் கூட்டில் தேங்கிக் குழாயை உள்ளிருந்தே தின்கிறது.

2004 டிசம்பர் 26 ஆம் திகதிச் சுனாமிக்குப் பின்னர் கடைக்கு வந்த சைக்கிள்களே இதை எனக்கு முழுமையாகக் கற்பித்தன. சில நாட்களுக்குள் நன்னீரால் கழுவி, சில்லுகளைக் கழற்றி, குழாய்களுக்குள் எண்ணெய் ஊற்றப்பட்டவற்றில் சில இன்றும் ஓடுகின்றன. வெளியே மட்டும் துடைத்துப் பெயின்ற் பூசப்பட்டவை, பெயின்ற் பளபளத்துக்கொண்டிருக்கும்போதே, இரண்டு மூன்று வருடங்களில் குழாய் பொருந்தும் இடத்தில் முறிந்தன. அந்த நாட்களில் சைக்கிளை நினைக்க எவருக்கும் மனம் இருக்கவில்லை என்பதை அறிவேன். அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

எனவே எத்தனை வண்டிகளை வைத்திருக்கலாம் என்ற கேள்விக்கு முதல் விடையைக் கொட்டிலின் நீள அகலம் தராது. உங்கள் கைகளுக்குக் கிடைக்கும் நேரமே தரும். ஒரு பழைய வண்டியைக் கழுவி, உலர்த்தி, செயினைக் கழற்றித் துடைத்து, பிறேக் கம்பிகளின் மூட்டுகளுக்கு எண்ணெய் விட்டு, ஆசனத்தின் தோலுக்கு மெழுகு தேய்த்து, டயருக்குக் காற்றடித்து வைக்க எனக்கே மூன்று மணித்தியாலம் வேண்டும். இதை மாரிக்கு முன்னர் ஒருமுறையும் பின்னர் ஒருமுறையும் செய்யவேண்டும். ஆசிரியரின் 14 வண்டிகளுக்கு வருடத்துக்கு 84 மணித்தியாலங்கள். கணக்கைச் சொன்னபோது அவர் வெகுநேரம் பேசாமல் இருந்தார். (மண்ணெண்ணெயால் துடைத்துவிட்டு அப்படியே விடுவது பராமரிப்பாகாது. அது அழுக்கோடு பழைய எண்ணெயையும் எடுத்துவிடுவதால், மேலே மீண்டும் எண்ணெய் பூசாவிட்டால் துரு விரைவாகவே ஏறும். பொலித்தீன் விரிப்பால் மூடுவதும் ஈரத்தை உள்ளே அடைத்துவைப்பதேயாகும். பழைய பருத்திச் சேலை போதும்.)

எதை விடுவது என்பதில் பெயர்த்தகட்டைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கம்பர் 1932 இலும், றட்ஜ் 1943 இலும், பி.எஸ்.ஏ. சைக்கிள் பிரிவு 1957 இலும் றலி கொம்பனியின் கைக்கு வந்தன. அதன் பிறகு இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமிலுள்ள றலி தொழிற்சாலையில் செய்யப்பட்டவை பலவற்றில் தகடும் முன்சில்லைப் பிடிக்கும் கவையும் வேறாக இருந்தாலும் உடல் ஏறத்தாழ ஒன்றே. ஆசிரியரிடம் இருந்த நான்கு வண்டிகள் இவ்வாறு ஒன்றின் நான்கு பிரதிகளாகவே இருந்தன. அவற்றில் எதன் பாகங்கள் அதிகமாகத் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே உள்ளன என்று பார்க்கவேண்டும். பின்சில்லின் நடுவே ஸ்டேர்மி ஆர்ச்சர் மூன்று கியர் ஹப் இருந்தால் அதன் மேற்பரப்பைத் துடைத்துப் பாருங்கள். போருக்குப் பிந்தியவற்றில் ஏ.டபிள்யூ. என்ற மாதிரி எழுத்துகளுக்கு அருகே வருடத்தின் இரண்டு இலக்கங்களும் மாதமும் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த வருடம் பிரேமின் காலத்தோடு ஒத்துவந்தால் சில்லு மாற்றப்படவில்லை என்று ஓரளவு நம்பலாம். ஹப்பை மட்டும் வைத்து வண்டியின் வயதைச் சொல்லக் கூடாது.

இந்த இடத்தில் என் தவறொன்றையும் சொல்லவேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில், கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு றலியைப் புதிதாக்கித் தருவதாகச் சொல்லி, மணல் தாளால் தேய்த்துக் கறுப்புப் பெயின்ற் அடித்தேன். மட்காட்டில் கையால் இழுக்கப்பட்டிருந்த பொன்னிறக் கோடுகளும், குழாயிலிருந்த எழுத்துகளும், யாரோ ஒருவர் கரியரில் பல வருடங்கள் சுமை கட்டியதால் பின் கம்பிகளில் ஏற்பட்ட தேய்வும் ஒரே பிற்பகலில் மறைந்தன. உரிமையாளர் மகிழ்ச்சியோடுதான் எடுத்துச் சென்றார். அந்த வண்டியிடம் கேட்டு அறியக்கூடிய எதுவும் அதன் பிறகு அதில் இருக்கவில்லை. ஆதலால் துருப்பிடித்த, ஆனால் கலையாத வண்டியை விற்றுவிட்டு, மினுங்கும் வண்டியை வைத்துக்கொள்ள விரும்புவோரை நான் எப்போதும் ஒரு வாரம் பொறுக்கச் சொல்கிறேன்.

பாகங்களுக்காக ஒரு வண்டியை ஒதுக்குவது தவறல்ல; சில வேளைகளில் அதுவே அறிவு. பழைய றலியின் பெடல் அச்சுக் கூட்டிலும் ஹாண்டில் கழுத்திலும் ஓர் அங்குலத்துக்கு 26 திருகுபுரிகள் வெட்டப்பட்டிருக்கும், மற்றவை பெரும்பாலானவற்றில் 24. கடையில் கிடைக்கும், அச்சைத் தாங்கும் கிண்ணத்தை அதில் பலவந்தமாகத் திருகினால் பிரேமே கெட்டுவிடும். ஆகவே பிரேம் முறிந்த ஒரு றலி, ஓடும் றலி ஒன்றுக்குப் பல வருட ஆயுளைத் தரும். கழற்றுவதானால் முழுவதுமாகக் கழற்றி, எண்ணெய் பூசி, எந்த வண்டியினுடையது என்று எழுதிக் கட்டிவையுங்கள். ஹப்பை மட்டும், புரூக்ஸ் ஆசனத்தை மட்டும், நாரைத் தலைகள் வெட்டிய பற்சில்லை மட்டும் கேட்டு வருவோரிடம் கொடுத்துவிட்டால், மீதி பழைய இரும்புக்காரரின் தராசில் வெறும் இரும்பாக மட்டுமே மதிப்பிடப்படும்.

இந்தியத் தயாரிப்பான கனத்த வண்டிகளைப் பலர் முதலில் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவற்றின் 28 அங்குல டயரும் பிறேக் கட்டைகளும் எளிதில் கிடைப்பதால், அவை ஓடக்கூடியவை. 2022 இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற மாதங்களில் என் கடைக்கு நூற்றுக்கணக்கில் பழைய சைக்கிள்கள் வந்தன. எண்ணெய் விடப்பட்டிருந்தவை அரை மணித்தியாலத்தில் வீதிக்குத் திரும்பின. மற்றவற்றுக்காக மக்கள் வாரக்கணக்கில் காத்திருந்தனர். ஆகையால் விடப்போகும் வண்டி ஓடக்கூடியதாயின், அதை ஓட்டப்போகிறவரைத் தேடிக் கொடுங்கள். கொடுக்கும்போது பிரேம் இலக்கத்தை எழுதி இருவரும் கையொப்பமிட்ட ஒரு தாளையும், பழைய லைசென்ஸ் தகடு இருந்தால் அதையும், யார் எங்கே ஓட்டிய வண்டி என்ற குறிப்பையும் சேர்த்துக் கொடுங்கள். களவுபோன சைக்கிள் என்ற சந்தேகம் எழுந்தால் வாங்கியவருக்கு அந்தத் தாள் உதவும்.

குடும்பத்தில் ஒரு மரணம் நடந்த உடனேயே இந்த முடிவை எடுக்காதீர்கள். அந்த நாட்களில் ஒன்றில் எல்லாமே கண்ணெதிரே இருக்கக் கூடாது என்று தோன்றும், அல்லது ஓர் ஆணியையும் விடமுடியாது என்று தோன்றும்.

ஆசிரியரின் தகப்பனார் பிரித்தானியர் காலத்தில் கடற்படைத் தளத்துக்கு வேலைக்குப் போய்வந்த ஹேர்குலிஸ்தான் அந்தக் கொட்டிலில் மிகவும் சிதைந்திருந்தது. சந்தையில் அதற்கு விலையில்லை. அதில் ஏறி ஓடவும் முடியாது. அதையே முதலில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். பெயின்ற் அடிக்காமல், துருவின் மேல் எண்ணெய் மட்டும் பூசி, அது இப்போது விறாந்தையில் நிற்கிறது. அதையும் சேர்த்து ஐந்து வண்டிகள் அவரிடம் தங்கின. ஒன்றைப் பாகங்களாகக் கழற்றினோம். மூன்றை மட்டக்களப்பில் சேகரிப்பாளர் ஒருவர் கலைக்காமல் வாங்கிச் சென்றார். நான்கு ஓட்டுபவர்களிடம் போயின, அவற்றுள் பெண்கள் ஓட்டும் பிரேம் கொண்ட பி.எஸ்.ஏ. நிலாவெளி வீதியில் வேலைக்குப் போய்வரும் ஒரு தங்கச்சியிடம் இருக்கிறது. கம்பரைப் பற்றி ஆசிரியரால் இன்னும் முடிவெடுக்க முடியவில்லை. தை பிறந்த பின் பார்க்கலாம் என்றேன். அதுவரைக்கும் அதற்கும் எண்ணெய் விட்டு வைத்திருக்கிறோம்.