செட் இரைகிறதென்று எர்த் பின்னை அறுக்காதீர்கள்

போன வாரம் கோபிப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டிலிருந்து ஒரு தம்பி ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். "அண்ணா, செட்டுல கரண்ட் அடிக்குதுங்க. காலையில வீடு தொடச்சுட்டு இருந்தப்ப அம்மா கை பட்டுருச்சுங்க. சுருக்குன்னு ஏறிடுச்சாமா."

கழற்றிப் பார்த்தேன். டிரான்ஸ்ஃபார்மரில் லீக்கேஜ் இல்லை, பாடியில் எந்த வயரும் உரசவில்லை. செட் சுத்தமாக இருக்கிறது.

"இதோட வேற என்ன தம்பி மாட்டியிருக்கீங்க?"

"கேபிள் டிவி பாக்ஸுங்க. அப்புறம் என்ற லேப்டாப்புங்க."

சார்ஜரைக் கொண்டுவரச் சொன்னேன். மாலையில் வந்தது. மூன்று பின் பிளக்கில் மேலே இருக்க வேண்டிய பெரிய பின்னைக் காணோம். ஹாக்ஸா பிளேடால் அறுத்திருக்கிறார். "லேப்டாப்ப மாட்டுனா உர்ர்ருன்னு ஒரே இரைச்சலுங்கண்ணா. இத வெட்டுனதும் நின்னுருச்சுங்க."

இந்த வருடம் என் மேஜைக்கு வந்த நான்காவது அறுத்த பிளக் இது. யூடியூபில் பார்த்தேன் என்கிறார்கள், நண்பன் சொன்னான் என்கிறார்கள். இரைச்சல் நிற்பதும் உண்மைதான். அதனால்தான் எல்லோரும் நம்பிவிடுகிறார்கள். எர்த் என்பது சும்மா ஒரு மூன்றாவது கம்பி, அது இல்லாமலும் லேப்டாப் ஓடுகிறதே என்று நினைக்கிறார்கள். ஓடும். கார் பிரேக் இல்லாமலும்தான் ஓடும்.

அந்த இரைச்சல் எங்கிருந்து வருகிறது? லேப்டாப் சார்ஜர் வழியாக உங்கள் வீட்டு எர்த்தோடு சேர்ந்திருக்கிறது. கேபிள் டிவி வயர் போஸ்ட் போஸ்டாக வந்து வேறெங்கோ எர்த் ஆகியிருக்கிறது. இந்த இரண்டையும், லேப்டாப்பிலிருந்து செட்டுக்குப் பாட்டைக் கொண்டுபோகும் உங்கள் ஆக்ஸ் வயர் ஆம்ப்ளிஃபயரில் கொண்டுபோய் இணைத்து ஒரு வளையம் ஆக்கிவிடுகிறது. இரண்டு எர்த்துக்கும் நடுவே சிறு வோல்டேஜ் வித்தியாசம் இருந்தால் போதும், ஆக்ஸ் வயரின் மேல்பின்னலில் கரண்ட் ஓடும். நம் லைன் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஸ்பீக்கரில் அந்த அடித்தொண்டை 'உர்ர்'. செட்டில் கோளாறு இல்லை, லேப்டாப்பிலும் இல்லை. எர்த் பின்னை அறுத்தால் வளையம் அறுபடுகிறது, சத்தம் நிற்கிறது. கூடவே பாதுகாப்பும் போய்விடுகிறது.

சார்ஜருக்குள் ஃபில்டருக்காகச் சின்னக் கெப்பாசிட்டர்கள் உண்டு. அவற்றில் கசியும் துளி கரண்ட் எர்த் வழியாக இறங்க வேண்டும். எர்த் இல்லையென்றால் லேப்டாப்பின் உலோகப் பகுதி லைனில் பாதி வோல்டேஜ், சுமார் 115 வோல்ட்டில் மிதக்கும். ஆக்ஸ் வயர் வழியாக ஆம்ப்ளிஃபயர் பாடிக்கும் அதே கதி. அந்த வீட்டில் இத்தனை நாள் கேபிள் வயர் வழியாக அது இறங்கிக்கொண்டிருந்தது. முதல் நாள் ராத்திரி இடி இடித்ததால் அந்த அம்மா பாக்ஸிலிருந்து கேபிளைப் பிடுங்கி வைத்திருக்கிறார். நல்ல பழக்கம்தான். ஆனால் காலையில் ஈரத் தரையில் வெறுங்காலோடு செட்டைத் தொட்டபோது அவரே எர்த் ஆகிவிட்டார்.

கெப்பாசிட்டரில் கசிவது ஒரு மில்லிஆம்பியருக்கும் கீழே. சுருக்கென்று இருக்கும், அவ்வளவுதான். மட்டமான சார்ஜரின் உள்ளே இன்சுலேஷன் போய்விட்டால் வருவது முழு 230 வோல்ட். எர்த் இருந்தால் அந்த நொடியே ஃபியூஸ் போகும், அல்லது ஈ.எல்.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே லைனை வெட்டும் ஸ்விட்ச்) விழும். எர்த் இல்லாவிட்டால் யாராவது வந்து தொடும்வரை அந்தக் கரண்ட் செட்டின் மேல் காத்திருக்கும். நம் ஊர் பிளக்கில் எர்த் பின்னை மட்டும் தடிமனாக, நீளமாக வைத்திருப்பதே மற்ற இரண்டுக்கும் முன்னால் அது தொட வேண்டும், கடைசியில்தான் விட வேண்டும் என்பதற்காக. அதைப் போய் அறுக்கிறீர்களே! மூன்று பின்னை இரண்டாக்கும் கன்வர்ட்டர் பிளக்கும் இதே வேலையைத்தான் செய்கிறது.

சரி, இரைச்சலுக்கு என்ன செய்வது? முதலில் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் பாட்டுப் போடுங்கள். இரைச்சல் நின்றால் எர்த் வளையம்தான். அடுத்து கேபிள் வயரைப் பிடுங்கிப் பாருங்கள். லேப்டாப்பையும் செட்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டினாலே சில வீடுகளில் சரியாகிவிடும். அதற்கும் அடங்காவிட்டால் ஆக்ஸ் வயருக்கு நடுவே மாட்டும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. உள்ளே இருப்பது குட்டி டிரான்ஸ்ஃபார்மர்தான். பாட்டைக் கடத்தும், எர்த் கரண்டைக் கடத்தாது. வயரே வேண்டாமென்றால் ப்ளூடூத் ரிசீவர் போடுங்கள்.

எர்த் குழியையும் பாருங்கள். எங்கள் பக்கம் பாதி இடம் பாறைக்காடு. சித்திரை வெயிலில் குழி காய்ந்து கிடக்கும். அப்போது ஃபிரிட்ஜ், மோட்டார் எல்லாவற்றின் கசிவும் சேர்ந்து எர்த் வோல்டேஜை ஏற்றிவிடும், இரைச்சலும் கூடும். உப்பும் கரியும் போட்ட பழைய குழியென்றால் வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். நல்ல எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒருமுறை எர்த் பார்க்கச் சொல்லுங்கள். 30 மில்லிஆம்பியர் ஈ.எல்.சி.பி. இல்லாத வீட்டில் அதையும் போட்டுவிடுங்கள்.

வயரை எங்கே மாட்டுவது என்பதற்கும் ஒரு வார்த்தை. ஆக்ஸ், லைன் இன், டேப் இன், சிடி, இதில் எதிலும் மாட்டலாம். ஃபோனோ என்று போட்டிருந்தால் தொடாதீர்கள். அது ரெக்கார்டு பிளேயரின் 5 மில்லிவோல்ட்டுக்காகச் செய்தது, லேப்டாப் ஜாக்கில் வருவது அதைப்போல் 200 மடங்குவரை இருக்கும். மைக் ஓட்டையும் வேண்டாம். ஸ்பீக்கர் டெர்மினலில் லேப்டாப் வயரை முறுக்கி மாட்டவே மாட்டாதீர்கள். 50 வாட்ஸ் செட் 8 ஓம் ஸ்பீக்கருக்கு 20 வோல்ட் தள்ளும், லேப்டாப் போர்டு போய்விடும். 4440 ஐசி போர்டின் இரண்டு சேனலையும் ஒரே ஸ்பீக்கருக்குச் சேர்த்து, அதாவது பிரிட்ஜ் செய்து, கட்டிய அசெம்பிள் செட்டில் இரண்டு ஸ்பீக்கர் வயருமே கிரவுண்ட் கிடையாது, அதில் கருப்பு வயர் எர்த்தென்று நம்பி வேறெதையும் தொட வைக்காதீர்கள். எப்போதும் செட் வால்யூமைச் சைபரில் வைத்துவிட்டு ஜாக்கைச் செருகுங்கள். லேப்டாப் வால்யூமை 80 சதவீதம் வைத்து, மீதியைச் செட்டில் ஏற்றுங்கள்.

அந்தத் தம்பிக்கு ஒரு ஐசொலேட்டரும், அடாப்டருக்குப் புது பவர் கார்டும் கொடுத்து அனுப்பினேன். ராத்திரி போன் செய்து இரைச்சல் இல்லை என்றார். எர்த் பின் அறுத்த பழைய கார்டை, இன்னொருவர் எடுத்து மாட்டிவிடக் கூடாதென்று அவர் கண் முன்னாலேயே நாலு துண்டாக நறுக்கிக் குப்பையில் போட்டிருந்தேன். வீட்டில் அப்படி ஒன்று இருந்தால் நீங்களும் இன்றைக்கே நறுக்கிப் போடுங்கள்.