பேலட் பலகை அலமாரியாகும்போது

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு இயந்திரப் பாகங்கள் மரத் தட்டுகளில் ஏறி வருகின்றன. பேலட் எனப்படும் இந்தத் தட்டுகள் சரக்கு இறங்கியதும் பழைய மரக்கடைக்குப் போகும். பல பேலட்டுகள் பைன் மரம், விலையும் மலிவு. சாப்பாட்டு அறையில் சுவரோரம் இடுப்புயரத்துக்கு நிற்குமே சைடுபோர்டு, அதைச் செய்ய இந்தப் பலகை தாராளமாகப் போதும். ஆனால் வாங்கிய கையோடு அறுத்துப் பூட்டினால் சில மாதங்களில் கதவு கோணும், மேற்பலகை பிளக்கும். மரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. அதற்குள் இருக்கும் தண்ணீர் செய்யும் வேலை அது.

முதலில் முத்திரையைப் பாருங்கள். ஒரு கோதுமைக் கதிர், நாட்டின் இரண்டெழுத்துக் குறி, கூடவே ‘எச்.டி.’ (HT) அல்லது ‘எம்.பி.’ (MB) என்ற எழுத்துகள். சரக்கு மரத்தில் ஒளிந்து நாடு தாண்டும் வண்டு, புழுக்களைத் தடுக்க 2002-இல் வந்த சர்வதேச விதியின் அடையாளம் இது. எச்.டி. என்றால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் சூடு 30 நிமிடம் ஏறியிருக்கிறது. எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயுவைச் செலுத்தியிருக்கிறார்கள். வீட்டுக்கு எச்.டி.யே நல்லது. எண்ணெய்க் கறையோ ரசாயன வாடையோ இருந்தால் எந்த முத்திரையானாலும் தொடவேண்டாம். இன்னொன்று, எச்.டி. என்பது பூச்சி செத்ததற்குத்தான் சான்று. மரம் உலர்ந்ததற்கும் இனிமேல் கரையான் ஏறாது என்பதற்கும் அது பொறுப்பேற்காது.

அடுத்து ஆணி. ஈர மரத்தில் அடித்த மொழுமொழு ஆணி, மரம் உலர உலரப் பிடி தளர்ந்துவிடும். அதனால்தான் பேலட்டுக்கு முறுக்கு ஆணியோ வரி ஆணியோ அடிக்கிறார்கள். மர நார்கள் அந்த வரிகளுக்குள் புகுந்து பூட்டிக்கொள்ளும். கடப்பாரையால் நெம்பினால் ஆணி வராது, பலகைதான் கிழியும். பலகைக்கும் கட்டைக்கும் நடுவே ஆக்ஸா பிளேடை விட்டு ஆணியையே அறுப்பது சுலபம். ஓக் போன்ற கடின மரமாக இருந்தால் ஆணித் துளையைச் சுற்றிக் கருநீலக் கறை தெரியும். மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்து உண்டாக்கும் நிறம் அது. டானின் உள்ள கடுக்காயையும் இரும்பு உப்பான அன்னபேதியையும் கலந்து அந்தக் காலத்தில் மை காய்ச்சியதும் இதே வேதியியலில்தான். கறை போகட்டும், ஒடிந்த ஆணித்துண்டு உள்ளே தங்கிவிட்டால்தான் ஆபத்து. இழைப்புளி போடும் முன் காந்தத்தை ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.

சரி, தண்ணீருக்கு வருவோம். மரச் செல்லின் சுவரில் செல்லுலோஸ் இழைகள் இருக்கின்றன. அவற்றின் ஹைட்ராக்சில் தொகுதிகள் நீர் மூலக்கூறுகளைப் பிடித்துவைக்கும். நீர் புகுந்தால் இழைகள் விலகும், வெளியேறினால் நெருங்கும். இழைகள் பெரும்பாலும் நீளவாக்கில் ஓடுவதால் பலகையின் நீளம் அனேகமாக மாறாது, அகலம்தான் மாறும். அதிலும் ஒரு பாரபட்சம் உண்டு. ஆண்டு வளையத்தின் போக்கில் ஏற்படும் சுருக்கம், மரத்தின் நடுவிலிருந்து பட்டை நோக்கிய திசையில் ஏற்படுவதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. பலகையின் வெட்டுமுகத்தைப் பாருங்கள்: வில்லாக வளைந்த வளையங்கள், காயக் காய நிமிரப் பார்ப்பதுபோல் பலகையை எதிர்ப்பக்கம் குழித்துவிடும்.

கணக்குப் போட்டால் இன்னும் விளங்கும். உலர்ந்த மரத்தின் எடையில் 20 சதவீதம் நீர் இருக்கும் பைன் பலகை 12 சதவீதத்துக்கு இறங்கினால், 100 மில்லிமீட்டர் அகலத்தில் சுமார் 2 மில்லிமீட்டர் குறையும். நான்கு பலகை ஒட்டிய மேற்பலகையில் அது 8 மில்லிமீட்டர்! காற்றின் ஈரப்பதம் 70 சதவீதமாக இருந்தால் மரத்தின் நீர் 13 சதவீதத்தை ஒட்டி நிலைகொள்ளும். ஏசி அறையில் காற்றின் ஈரப்பதம் 50 ஆனால் மரத்தின் நீர் 9-க்கு இறங்கும். ஆகவே அலமாரி நிற்கப்போகும் அறையிலேயே பலகைகளை இடைக்கட்டை வைத்து அடுக்கிவிடுங்கள். ஒரு பலகையை வாரம் ஒருமுறை தராசில் போட்டுப் பார்த்தால் போதும். எடை குறைவது நின்றதும் வேலையைத் தொடங்கலாம்.

அப்புறமும் பருவத்துக்குத் தக்கபடி மரம் கொஞ்சம் அசைந்துகொண்டேதான் இருக்கும். அதற்கு இடம்விடுவதுதான் தச்சுவேலையின் சூட்சுமம். கதவுச் சட்டத்தில் காடி, அதாவது நீளப் பள்ளம், எடுத்து நடுப்பலகையைப் பசையில்லாமல் செருகுவது இதற்காகவே. மேற்பலகையை ஒட்டிவிடாமல், அடியிலிருந்து நீள்துளை வழியாக ஸ்க்ரூ போட்டுப் பிடியுங்கள். கத்திரி வெயிலில் செய்கிறீர்கள் என்றால் காடிக்குள் பலகைக்குச் சற்று அதிகமாகவே இடம் விடுங்கள், ஐப்பசி மழையில் அது உப்பும். மழைக்காலத்தில் செய்தால் காடியை ஆழமாக எடுத்துப் பலகையை நன்றாக உள்ளே செருகுங்கள், வெயிலில் சுருங்கினாலும் விளிம்பு வெளியே தெரியாது.