கோப்ளின் உடனே வாளை உருவாதது ஏன்?

ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கல்லூரியில் படிக்கும் அவருடைய மகன் ஞாயிறுதோறும் நண்பர்களோடு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஏதோ ஆட்டம் ஆடுகிறானாம். பென்சில், கட்டம் போட்ட தாள், கை நிறையப் பகடைகள். நான்கு முகம், எட்டு முகம், இருபது முகம் என்று விதவிதமாக இருக்கின்றன. பன்னிரண்டு முகம் கொண்டதும் ஒன்று உண்டு. "அப்படியிருந்தும் எதிரில் கோப்ளின் என்ற குட்டிப் பூதமோ குள்ளனோ வந்துவிட்டால், ஆறு முகப் பகடை இரண்டை உருட்டிக் கூட்டுகிறார்கள். பன்னிரண்டு முகப் பகடையை ஒருமுறை உருட்டினால் வேலை முடிந்துவிடாதா? கேட்டால், பழைய விதி அப்படித்தான் என்கிறான். காரணம் ஏதாவது உண்டா, வெறும் பழக்கமா?"

காரணம் உண்டு. நிகழ்தகவில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கே அதுதான். கேட்டதற்கு நன்றி.

முதலில் ஆட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. 1974இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வெளிவந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் எழுதிய மூன்று சிறு கையேடுகள், ஒரு பெட்டி, முதல் அச்சில் 1000 பிரதிகள். ஒருவர் நடுவராக இருந்து நிலவறையையும் அதில் இருப்பவற்றையும் விவரிப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, "கதவில் காதை வைத்துக் கேட்கிறேன்", "கயிற்றைக் கட்டி இறங்குகிறேன்" என்று சொல்லிக்கொண்டே போவார்கள். முடிவு எப்படியும் போகலாம் என்ற இடத்தில் பகடை பேசும். நடுவரும் பகடையும் போர்ப் பயிற்சி ஆட்டங்களிலிருந்து வந்த சொத்து. 1824இலேயே பிரஷ்ய ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ், படை அதிகாரிகளுக்கான வரைபட ஆட்டத்தில் போர்க்களத்தின் நிச்சயமின்மையைப் பகடையால் கொண்டுவந்திருந்தார்.

வாசகியின் மகன் 'பழைய விதி' என்று சொன்னதற்கும் பொருள் இருக்கிறது. ஆட்டம் பல பதிப்புகள் கண்டு மாறிவிட்டது. ஆனால் 1970களின், 1980களின் தொடக்க கால விதிகளுக்கே திரும்பிப்போய் ஆடும் கூட்டம் ஒன்று உலகெங்கும் இருக்கிறது. 2000ஆம் ஆண்டில், விதிகளை மற்றவர்களும் எடுத்தாளலாம் என்ற திறந்த உரிமம் கிடைத்தது. அதைப் பிடித்துக்கொண்டு 2006 முதல் பழைய விதிகளைப் புதிதாக எழுதி வெளியிடத் தொடங்கினார்கள். 2023 ஜனவரியில் அந்த உரிமத்தை மாற்ற, ஆட்டத்தை வெளியிடும் நிறுவனம் முயன்றபோது ஆட்டக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். அதே மாதம் 27ஆம் தேதி, ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளை எவரும் எடுத்தாளும்படி கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டார்கள். ஆட்டம் விளையாடுகிறவர்கள் ஒன்று சேர்ந்து பொதுச்சொத்தைக் காத்துக்கொண்ட இந்தச் செய்தி எனக்கு இன்றைக்கும் மகிழ்ச்சி தருகிறது.

இனி பகடை.

1981இல் டாம் மோல்ட்வே தொகுத்த தொடக்கநிலை விதிகளில் ஒரு சிறிய அட்டவணை இருக்கிறது. நிலவறையில் எதிரே ஓர் உயிர் வந்து நிற்கிறது; அது என்ன நினைக்கிறது என்று நடுவருக்கே தெரியாது. இரண்டு பகடையை உருட்டிக் கூட்டுகிறார். 2 விழுந்தால் கண்ட மாத்திரத்தில் பாய்கிறது. 3 முதல் 5 வரை பகைமை, தாக்கினாலும் தாக்கும். 6 முதல் 8 வரை என்ன செய்வதென்று புரியாமல் தயங்கி நிற்கிறது. 9 முதல் 11 வரை தாக்காது. விலகிப் போகும், அல்லது பேச்சுக்குக் காது கொடுக்கும். 12 விழுந்தால் உற்சாகமான நட்பு.

ஒரு பகடை சிவப்பு, மற்றொன்று வெள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 36 விதமாக விழலாம். எல்லாவற்றுக்கும் சம வாய்ப்பு. இதுவரை பள்ளிப் பாடம். இப்போது 12 வேண்டும் என்று நினையுங்கள். சிவப்பில் 6 விழுந்தே தீர வேண்டும். வேறு எது விழுந்தாலும் அந்தக் கணமே ஆசை முடிந்தது. வெள்ளைப் பகடை உருண்டு நிற்கும்வரை காத்திருக்கவே தேவையில்லை. 7 வேண்டுமென்றால் கதை வேறு. சிவப்பில் 1 விழட்டும், 6 விழட்டும், 4 விழட்டும். எது விழுந்தாலும் அதை ஏழாக்கித் தரும் முகம் ஒன்று வெள்ளையில் தவறாமல் காத்திருக்கிறது. முதல் பகடையால் உங்கள் வாய்ப்பைக் கெடுக்கவே முடியாது. கடைக்கோடி எண்ணுக்கு இரண்டு பகடைகளும் ஒத்துப்போக வேண்டும். நடு எண்ணுக்கு ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுகட்டினால் போதும். நடுவில் மேடும் இரு பக்கமும் சரிவுமாக வருவதற்கு முழுக் காரணமும் இவ்வளவுதான்.

அட்டவணையின் ஐந்து படிகளுக்கும் எத்தனை வழி என்று ஒருநாள் தாளில் எழுதிக் கூட்டினேன். உடனடித் தாக்குதலுக்கு 1. பகைமைக்கு 2, 3, 4 சேர்ந்து 9. தயக்கத்துக்கு 5, 6, 5 சேர்ந்து 16. பேச்சுக்கு 9. நட்புக்கு 1. அதாவது 1, 9, 16, 9, 1. ஐந்தும் வர்க்க எண்கள்! தற்செயல்தான், அதில் மறைபொருள் எதுவும் இல்லை. ஆனாலும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டு முகப் பகடையில் ஒவ்வோர் எண்ணுக்கும் பன்னிரண்டில் ஒரு பங்கு, சமதரை. அதை உருட்டினால் தயக்கம் நூற்றுக்கு 25 முறைதான் வரும். இரண்டு பகடையில் அது 44ஐத் தாண்டுகிறது. உற்சாகமான நட்போ 36இல் ஒன்றிலிருந்து 12இல் ஒன்றாக மலிந்துவிடும். இருட்டில் திடீரென்று ஒருவரையொருவர் பார்க்கும் இரண்டு கூட்டம் முதலில் என்ன செய்யும்? பெரும்பாலும் தயங்கத்தான் செய்யும். அந்தத் தயக்கத்தில்தான் ஆட்டம் இருக்கிறது. "வாளைக் கீழே வைக்கிறேன்", "ரொட்டியை நீட்டுகிறேன்" என்று ஆட்டக்காரர் எதையாவது செய்ய இடம் கிடைப்பது அங்கேதான். எல்லா உயிரையும் கண்டவுடன் வெட்டுவதுதான் இந்த ஆட்டம் என்று நினைப்பவர்கள் இந்த அட்டவணையை ஒருமுறை பார்க்க வேண்டும்.

இன்னும் அழகான இடம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் வசீகரம் என்று ஓர் அளவு உண்டு. 3 முதல் 18 வரை. வசீகரம் 13 முதல் 17 வரை உள்ளவர் முன்னால் நின்று பேசினால், விழுந்த எண்ணோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ளலாம். ஒன்றுதானே என்று தோன்றும். மலை முழுவதும் ஒரு படி நகர்கிறது. என்ன ஆகிறது பாருங்கள். உடனடித் தாக்குதலுக்கான ஒரே வழி மறைந்துபோகிறது. பகைமை 9இலிருந்து 6ஆகக் குறைகிறது. தயக்கம் 16இலிருந்து 15. ஏறக்குறைய அசையவே இல்லை. பேச்சு 9இலிருந்து 12. நட்பு 1இலிருந்து 3, மூன்று மடங்கு! இருபது முகப் பகடையில் ஒன்றைக் கூட்டினால் எந்த இடத்திலும் நூற்றுக்கு ஐந்துதான் மாறும். இங்கே அதே ஒன்று நடுவில் கிட்டத்தட்ட ஒன்றும் செய்வதில்லை, ஓரங்களில் எல்லாவற்றையும் மாற்றுகிறது. இனிமையாகப் பேசத் தெரிந்தவர் எதிரியின் குழப்பத்தைத் தீர்த்துவிடுவதில்லை. எடுத்த எடுப்பில் நடக்கக்கூடிய விபரீதத்தைத்தான் நிறுத்துகிறார். மனிதர்களிடமும் நான் கண்டது இதைத்தான்.

அந்த வசீகர எண் எங்கிருந்து வருகிறது? பழைய விதிப்படி மூன்று பகடையை உருட்டிக் கூட்ட வேண்டும். 216 விதங்கள். 13உம் அதற்கு மேலும் விழ 56 வழிகள். நாலு பேரில் ஒருவருக்குச் சற்றே அதிகம். 18 விழ ஒரே வழி.

மூன்று பகடை என்றதும் கலிலியோ நினைவுக்கு வராமல் இருக்க மாட்டார். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவரிடம் ஒரு கேள்வி வந்தது. மூன்று பகடையில் 9 விழ ஆறு சேர்க்கைகள்: 6-2-1, 5-3-1, 5-2-2, 4-4-1, 4-3-2, 3-3-3. 10 விழவும் ஆறு சேர்க்கைகள்தான்: 6-3-1, 6-2-2, 5-4-1, 5-3-2, 4-4-2, 4-3-3. அப்படியானால் இரண்டும் சமமாக விழ வேண்டும். ஆனால் ஆடிப் பழகியவர்கள் 10தான் அதிகம் விழுகிறது என்றார்கள். கலிலியோ ஒவ்வொரு சேர்க்கையையும் எந்தப் பகடையில் எது என்று பிரித்து எண்ணினார். 6-2-1 என்பது ஆறு விதமாக விழலாம். 5-2-2 மூன்று விதமாக. 3-3-3 ஒரே விதமாக. கூட்டிப் பார்த்தால் 9க்கு 25, 10க்கு 27. 216இல் இரண்டே இரண்டு வித்தியாசம், நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. அந்த வித்தியாசத்தை எந்தக் கணக்கும் இல்லாமல் கையாலும் கண்ணாலும் கண்டுகொண்ட அந்தப் பெயர் தெரியாத ஆட்டக்காரர்களை நினைத்தால் எனக்குக் கலிலியோவைவிட அவர்கள்மீதுதான் வியப்பு அதிகம்.

பகடை ஒன்று என்றால் தரை. இரண்டு என்றால் முக்கோணம். மூன்றாவது சேரும்போதே முனை மழுங்கி, ஓரங்கள் வளைந்து, மணியின் வடிவம் வந்துவிடுகிறது. இன்னும் சேர்த்துக்கொண்டே போனால் கணிதத்தில் இயல்நிலைப் பரவல் எனப்படும் வளைவை அது நெருங்கும். 1733இல் ஆபிரகாம் டி மாவர் நாணயச் சுண்டலை வைத்து இந்த வளைவைக் கண்டடைந்தார். பல சிறு காரணங்கள் ஒன்றையொன்று சாராமல் கூடும் இடமெல்லாம் இது வரும். ஒரே வயதுள்ள ஆண்களின் உயரத்தை வரைந்தாலும் ஏறத்தாழ இதே மணிதான்.

நம் வீட்டுத் திண்ணையிலும் இந்தக் கணக்கு உருண்டுகொண்டுதான் இருந்தது. பித்தளைத் தாயக்கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் வெறுமை, மற்றவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். 16 விதமாக விழலாம். 2, 3, 4 ஆகியவற்றுக்கு 3, 4, 3 என்று பத்து வழிகள். தாயத்துக்கு 2, ஐந்துக்கு 2, ஆறுக்கு 1, இரண்டும் வெறுமையாக விழும் பன்னிரண்டுக்கு 1. மறு ஆட்டம் எவற்றுக்குத் தருகிறோம்? ஊருக்கு ஊர் விதி சற்று மாறினாலும் பரவலாக 1, 5, 6, 12 ஆகியவற்றுக்குத்தான். அரிதாக விழும் நான்கையும் பொறுக்கியெடுத்துப் பரிசு வைத்திருக்கிறார்கள்.

இதைச் சொல்லித்தர ஒரு பள்ளிக்கு எவ்வளவு செலவாகும்? வகுப்புக்கு இரண்டு டஜன் பகடை. வகுப்பறை மின்திரைகளுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு துளி போதும். நிகழ்தகவைச் சூத்திரமாக மனப்பாடம் செய்து தேர்வு எழுதிவிட்டு மறந்துபோகும் மாணவர்கள், நூறு முறை உருட்டிக் கட்டம் கட்டமாக நிரப்பினால் தங்கள் கையாலேயே அந்த மலை எழுவதைப் பார்ப்பார்கள். பார்த்தவர்களுக்கு மறக்காது. அதற்கு நிதி கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை.

மூடநம்பிக்கைக்கு மருந்தும் அங்கேதான் இருக்கிறது. இந்த ஆட்டத்திலேயே, மோசமாக விழும் பகடையைத் தனி டப்பாவில் 'சிறை' வைப்பவர்கள் உண்டு. பெரிய எண் மேலே இருக்கும்படி வைத்துப் பகடையைப் 'பழக்குபவர்களும்' உண்டு. பகடைக்கு நினைவு கிடையாது. ஐந்து முறை தொடர்ந்து 1 விழுந்திருந்தாலும், ஆறாவது முறை 1 விழும் வாய்ப்பு அதே ஆறில் ஒன்றுதான். 1980களில் அமெரிக்காவில் இந்த ஆட்டம் பிள்ளைகளைச் சாத்தான் வழிபாட்டுக்கு இழுக்கிறது என்று பெரிய பிரசாரமே நடந்தது. பல வீடுகளில் பெற்றோர் பயந்துபோனார்கள். பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டினால் விதி மாறும் என்று இங்கே பணம் வாங்குகிறவர்களும் அதே அச்சத்தில்தான் பிழைக்கிறார்கள். 36 கட்டங்களைத் தன் கையால் நிரப்பிய பிள்ளையை அவ்வளவு எளிதாக ஏமாற்ற முடியாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இரண்டு பகடையின் இன்னொரு வேலையைச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. அதே 1981 விதிகளில் ஒவ்வோர் எதிரிக்கும் மன உறுதி எண் ஒன்று உண்டு. தங்கள் பக்கம் முதல் ஆள் விழும்போதும், பாதிப் பேர் விழும்போதும் நடுவர் இரண்டு பகடையை உருட்டுவார். உறுதி எண்ணைத் தாண்டி விழுந்தால் ஓட்டம், அல்லது சரண். எலும்புக்கூட்டுக்கு 12, அது ஓடவே ஓடாது. கோப்ளினுக்கு 7, தங்கள் அரசன் உயிரோடு கூடவே நின்றால் 9. இரண்டு எண்தான் வித்தியாசம். ஆனால் 7ஐத் தாண்ட 15 வழிகள், 9ஐத் தாண்ட 6 வழிகள். இரண்டு சோதனைகளையும் தாங்கிக் களத்தில் நிற்கும் வாய்ப்பு அரசன் இல்லாதபோது நூற்றுக்கு 34; அவன் இருக்கும்போது 69. தலைவன் ஒருவன் நிற்பதால் படைக்கு வரும் துணிச்சல், மலையின் சரிவில் இரண்டு படி.

சென்ற மாதம் நண்பர் வீட்டில் நான் நடுவராக இருந்தேன். பகடை மேசையை விட்டு ஓடாமல் இருக்க எவர்சில்வர் தட்டு ஒன்றை வைத்திருந்தோம். எட்டு கோப்ளின்கள், ஓர் அரசன். எங்கள் கூட்டத்தில் மூன்று பேருக்குச் சாகும் நிலைமை. வில்லாளியாக ஆடிய பெண், பக்கத்தில் நிற்கும் கோப்ளினை விட்டுவிட்டு, தூரத்தில் நின்ற அரசனைக் குறிவைப்பதாகச் சொன்னார். மற்றவர்கள் வேண்டாம் என்று தடுத்தார்கள். அவர் கேட்கவில்லை. அம்பு பட்டு அரசன் சாய்ந்தான். அன்று அந்தப் பக்கம் விழுந்த முதல் ஆள் அவன்தான். தட்டில் பகடைகள் கலகலவென்று உருண்டு நின்றன: ஐந்தும் மூன்றும். எட்டு.

அவன் நின்றிருந்தால் அந்த எட்டுக்கு ஒருவனும் அசைந்திருக்க மாட்டான். எட்டுப் பேரும் ஈட்டியைப் போட்டுவிட்டு இருட்டுக்குள் ஓடினார்கள்.