காப்பீட்டு அட்டை இருந்தும் இடுப்பு மூட்டு மாற்றுக்குத் திருப்பி அனுப்புகிறார்களா?

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு, ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கையிலிருந்து பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம். அரசு மருத்துவமனைகளிலும், திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் இது செல்லும். இதெல்லாம் சுவரொட்டியிலேயே இருக்கிறது. அதில் இல்லாதவை ஏராளம். பரம்பரை எலும்புக் குறைபாடு உள்ளவர்கள் அவற்றில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இவர்களில் பலருக்குத் தொடை எலும்பின் பந்துபோன்ற தலைப்பகுதி சிறு வயதிலேயே சரியாக வளராமல் தட்டையாகிவிடும். மற்றவர்களுக்கு அறுபதில் வரும் மூட்டுத் தேய்மானம் இவர்களுக்கு முப்பதிலேயே வந்து நிற்கும். பெண்களுக்கு அது திருமணமான புதிதில் முற்றினால் இன்னொரு சிக்கல். பிறந்த வீட்டு ரேஷன் அட்டையில் பெயரை நீக்கியிருப்பார்கள், கணவர் வீட்டு அட்டையில் இன்னும் சேர்த்திருக்க மாட்டார்கள். எந்த அட்டையிலும் பெயர் இல்லாதவரைக் காப்பீட்டு மையம் எந்தக் குடும்பத்திலும் சேர்க்காது. ஆகவே மருத்துவரைப் பார்க்கும் முன்பே ரேஷன் அட்டையைச் சரிசெய்யுங்கள். ஆதாரில் இனிஷியல் முன்னால், ரேஷன் அட்டையில் பின்னால் என்று இருந்தால் அதையும் இப்போதே திருத்துங்கள். அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்த பிறகு வருமானச் சான்றுக்காகக் கிராம நிர்வாக அலுவலரைத் தேடி அலைவது போன்ற கொடுமை வேறில்லை.

அடுத்த பொறி, நோயின் பெயர். எனக்குத் தெரிந்த ஒரு தையல்காரப் பெண்ணின் கோப்பில் மூன்று சீட்டுகள் இருந்தன. பத்து வயதில் எழுதியதில் ‘பெர்தீஸ் நோய்’ (குழந்தைகளின் தொடை எலும்புத் தலைக்கு ரத்த ஓட்டம் குறைவதால் வருவது), பிறகு ஒன்றில் ‘ரத்த ஓட்டம் நின்று எலும்பு செத்தது’, கடைசியில் ‘முடக்குவாதம்’. மூன்றும் தவறு. இரண்டு இடுப்பும் ஒரேபோலக் கெட்டிருந்தால் பரம்பரைக் குறைபாடு இருக்குமோ என்று சந்தேகிக்க வேண்டும், யாரும் சந்தேகிக்கவில்லை. மூன்றையும் சேர்த்து முன் அனுமதிக்கு (சிகிச்சைக்கு முன்பே காப்பீட்டு நிறுவனத்திடம் வாங்கும் ஒப்புதலுக்கு) அனுப்பினால் காப்பீட்டு நிறுவனம் விளக்கம் கேட்கும். மருத்துவமனை பதில் எழுதச் சோம்பல்பட்டால் கோப்பு அங்கேயே தூங்கும். அரசு மருத்துவக் கல்லூரியின் எலும்பு மருத்துவத் துறையில் காட்டி, நோயின் பெயரையும், இந்த வயதில் அறுவை சிகிச்சை ஏன் தேவை என்பதையும் ஒரே கடிதத்தில் எழுதி வாங்குங்கள். கழுத்து எலும்பும் பாதிக்கப்படும் வகையா என்று அப்போதே கேட்டுவிடுங்கள். மயக்க மருந்து தருபவருக்கு அது முன்கூட்டியே தெரிய வேண்டும்.

“இந்த வயதில் திட்டத்தில் கிடைக்காது” என்று சொல்வார்கள். திட்டத்தில் சேர வயது வரம்பு கிடையாது. செயற்கை மூட்டு காலப்போக்கில் தேயும், இளம் வயதில் வைத்தால் பின்னாளில் மாற்ற நேரலாம் என்று மருத்துவர் தயங்குவது நியாயம். அதை அவரே உங்களிடம் விளக்க வேண்டும். வரவேற்பு மேசையில் இருப்பவர் அதைத் திட்ட விதியாக்கிச் சொன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “முன் அனுமதிக்கு அனுப்பி மறுத்தார்களா, அனுப்பவே இல்லையா?” பெரும்பாலும் அனுப்பியே இருக்க மாட்டார்கள். மறுத்திருந்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாய்ச்சொல்லை வைத்துக்கொண்டு எந்த அலுவலகத்திலும் மேல்முறையீடு செய்ய முடியாது.

பணம் பிடுங்கும் இடம் இன்னொன்று. இந்தக் குறைபாடு உள்ளவர்களின் தொடை எலும்பின் உட்குழல் குறுகலாக இருந்தால் வழக்கத்தைவிடச் சிறிய மூட்டு தேவைப்படலாம். “சிறிய அளவு திட்டத்தில் வராது, வித்தியாசத்தை நீங்கள் கட்டுங்கள்” என்று அறுவை சிகிச்சைக்கு முதல் நாள் மாலையில் சொல்வார்கள். அந்த நேரத்தில் சொன்னால்தானே நகையை அடகு வைப்போம்! திட்டத் தொகையில் மூட்டின் விலையும் அடக்கம். ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடத் தராதீர்கள். கட்டிய பணத்தைத் திட்டத்திலிருந்து பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எந்த அளவு மூட்டு தேவை, அது கைவசம் இருக்கிறதா என்பதை எக்ஸ்ரே பார்க்கும் அன்றே கேட்டுவிடுவது நல்லது.

5 லட்சம் என்பது குடும்பம் முழுவதற்கும் சேர்த்து. அதே ஆண்டில் அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்திருந்தால் மீதி எவ்வளவு என்று முதலில் பாருங்கள். இரண்டாவது இடுப்புக்கு மறுபடியும் புதிதாக முன் அனுமதி வாங்க வேண்டும். முதல் அனுமதி அதற்குச் செல்லாது.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வேறு, காப்பீட்டு அட்டை வேறு. இந்தக் குறைபாட்டால் உயரம் 147 செ.மீ. அல்லது அதற்குக் கீழ் உள்ள பெரியவர்கள் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி மாற்றுத்திறனாளிச் சான்று கேட்கலாம், வாங்கி வையுங்கள். ஆனால் அதைக் காட்டினால் அறுவை சிகிச்சை நடந்துவிடும் என்று காத்திருந்து மாதங்களை இழக்காதீர்கள்.

வீடு திரும்பும்போது மூட்டின் ஸ்டிக்கரைக் கேட்டு வாங்குங்கள். நிறுவனம், அளவு, தொகுதி எண் எல்லாம் அச்சிட்ட சிறிய ஒட்டுச்சீட்டு அது. கேஸ் ஷீட்டில் ஒன்றை ஒட்டிவிடுவார்கள். இன்னொன்றோ அதன் நகலோ உங்களிடம் இருக்க வேண்டும். 2010இல் ஒரு பன்னாட்டு நிறுவனம் தன் செயற்கை இடுப்பு மூட்டை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றபோது, அதை வைத்துக்கொண்ட இந்திய நோயாளிகளில் பெரும்பாலானோரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. பின்னாளில் மூட்டை மாற்ற நேர்ந்தாலும் மருத்துவர் முதலில் கேட்பது அந்தச் சீட்டைத்தான்.

புகாருக்குக் கட்டணமில்லாத் தொலைபேசி 1800 425 3993. பேசிய தேதியையும் புகார் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில், மருத்துவரின் கடித நகலோடு மனுக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். அது கையில் வராமல் மேசையை விட்டு நகராதீர்கள்.