மணிச்சத்தை யார் நிலைநிறுத்துகிறார்கள்?

இந்த ஒரு மாதத்தில் இது மூன்றாவது முறை. முதலில் ஓர் உர பாக்கெட்டின் பின்பக்கத்தில் படித்தேன், பிறகு ஒரு காணொளியில் கேட்டேன், இப்போது பயிற்சிக் கையேடு ஒன்றிலும் அச்சாகியிருக்கிறது: "மணிச்சத்தை நிலைநிறுத்தும் பாஸ்போபாக்டீரியா". கைதவறி விழுந்த எழுத்துப் பிழை என்று இதை விட்டுவிட முடியாது. உயிர் உரமாக விற்கப்படும் அந்த நுண்ணுயிர் செய்யும் வேலைக்கு நேர் எதிரான வேலையை இந்தத் தொடர் அதன் தலையில் கட்டுகிறது.

முதலில் பெயர். மணிச்சத்து என்பது பாஸ்பரஸ். பாஸ்பரஸ் கிரேக்கச் சொல். ஒளியை ஏந்தி வருவது என்று பொருள். 1669இல் ஹாம்பர்க்கில் ஹென்னிக் பிராண்ட் சிறுநீரைக் காய்ச்சிப் பிரித்த பொருள் இருட்டில் ஒளிர்ந்தது. தமிழில் 'எரியம்' என்றொரு ஆக்கமும் உண்டு. அது வேதியியல் வகுப்பில் இருக்கட்டும். வயலுக்கு மணிச்சத்துதான். தழைக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்), மணி பிடிக்க மணிச்சத்து, சாம்பலில் கிடைப்பது சாம்பல் சத்து. இவ்வளவு தெளிவான கலைச்சொற்கள் நம்மிடம் அதிகம் இல்லை.

இனி அந்த 'நிலைநிறுத்தும்'. அது ரைசோபியம், அசோஸ்பைரில்லம் ஆகிய பாக்டீரியாக்களுக்கு உரிய சொல். காற்றில் சுமார் 78 விழுக்காடு நைட்ரஜன்தான். ஆனால் பயிரால் அதை நேரடியாக எடுக்க முடியாது. நுண்ணுயிர் அதைப் பிடித்துப் பயிருக்கு ஏற்ற வடிவுக்கு மாற்றுகிறது. காற்றில் திரிவதைப் பிடித்து நிறுத்துவதால் 'நிலைநிறுத்துதல்' அங்கே பொருந்துகிறது. மணிச்சத்து அப்படிக் காற்றில் வாயுவாகத் திரிவதில்லை. அது மண்ணிலேயே கிடக்கிறது, ஆனால் கட்டுண்டு கிடக்கிறது. நாம் போடும் மணிச்சத்து உரமான சூப்பர் பாஸ்பேட்டில் பெரும்பகுதி அந்தப் பருவத்தில் பயிருக்குக் கிடைப்பதில்லை. சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் கால்சியத்தோடும், அமில நிலத்தில் இரும்பு, அலுமினியத்தோடும் சேர்ந்து இறுகிவிடுகிறது. இந்த இறுக்கத்துக்குத்தான் மண்ணியலில் மணிச்சத்து நிலைநிறுத்தம் என்று பெயர்! நோயின் பெயரை எடுத்து மருந்து பாக்கெட்டில் அச்சடித்திருக்கிறோம்.

பாஸ்போபாக்டீரியா செய்வது கட்டை அவிழ்ப்பது. பேசில்லஸ், சூடோமோனாஸ் இனங்களில் சில, குளுக்கோனிக் அமிலம் போன்ற கரிம அமிலங்களைச் சுரந்து இறுகிய பாஸ்பேட்டைக் கரைக்கின்றன. மட்கில் அடங்கிய மணிச்சத்தை நொதிகளால் பிரித்து விடுகின்றன. ஆகவே 'மணிச்சத்தைக் கரைக்கும் நுண்ணுயிர்' என்பதே சரி. 'மணிச்சத்துக் கரைப்பான்' என்று சுருக்குவதும் எனக்கு உடன்பாடில்லை. கரைப்பான் என்றால் பள்ளிப் பிள்ளைக்குத் தண்ணீரும் சாராயமும்தான் நினைவுக்கு வரும். உயிருள்ள ஒன்று என்று தோன்றாது. கடையில் "பாஸ்போ ரெண்டு பாக்கெட் குடுங்க" என்று கேட்பவர் எந்தத் தவறும் செய்யவில்லை. பாஸ்போ என்பது பெயர் மட்டுமே, பொய்யான வேலை எதையும் அது சொல்வதில்லை.

ஒரு சொல்லுக்கு இத்தனை கோபமா என்று கேட்கலாம். 'நிலைநிறுத்தும்' என்று படித்த விவசாயி என்ன நினைப்பார்? ரைசோபியம் காற்றிலிருந்து தழைச்சத்தைக் கொண்டுவருவதுபோல இதுவும் எங்கிருந்தோ மணிச்சத்தைக் கொண்டுவரும் என்று நம்பி, மண் பரிசோதனை செய்யாமலே பாஸ்பேட் உரத்தை அடியோடு நிறுத்திவிடுவார். மண்ணில் இருப்பே இல்லாத இடத்தில் பாக்டீரியா எதைக் கரைக்கும்?

இந்தப் பிழை பிறந்த வழியும் தெரிகிறது. ரைசோபியத்துக்கு எழுதிய வரியை நகலெடுத்து, தழையை அழித்து மணியைப் போட்டிருக்கிறார்கள். மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைப் புரட்டுமுன் அந்த உயிர் என்ன செய்கிறது என்று ஒருமுறை கேட்டிருக்கலாம். உயிர் உரத்தை 'இயற்கை உரம்' என்று எழுதுவதும் இந்த அவசரத்தின் விளைவுதான். தொழுவுரமும் இயற்கை உரம்தான். ஆனால் 200 கிராம் பாக்கெட்டில் வருவது சத்து அல்ல, சத்தை விடுவிக்கும் உயிர். அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் பூசி நிழலில் உலர்த்தச் சொல்வதும், இரசாயன உரத்தோடு சேர்த்துப் போடாதே என்பதும் அது சாகாமல் இருக்கத்தான்.

பயிரின் வேரோடு சேர்ந்து வாழும் பூஞ்சையான வேர் உட்பூசணத்தையும் இதே தொடரில் அடைக்கிறார்கள். அதற்குக் 'கரைக்கும்' என்பதும் அவ்வளவாகப் பொருந்தாது. அதன் இழைகள் வேர் எட்டாத தூரத்தில் உள்ள மணிச்சத்தை எடுத்துப் பயிருக்குக் கொண்டுவந்து தருகின்றன. அதை 'மணிச்சத்தைக் கடத்தும் பூசணம்' என்று எழுதுங்கள்.